கிரீன் கார்டு: நூறு பேர் வரிசையிலிருந்து நம் வரிசை வரை

சில கோடைகளுக்கு முன் நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் அமெரிக்கக் கிளை பிக்னிக்கில், புளியோதரைப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 1971-ல் மெக்கானிக்கல் முடித்த சீனியர் ஒருவர் தோளில் தட்டி, "என்ன தம்பி, கார்டு வந்தாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார், டேட் வரணும்."

"எந்த டேட்?"

"2015 மார்ச் சார்."

அவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எனக்கு அஞ்சு மாசத்துல வந்துது தம்பி. மெட்ராஸ்லயே இமிக்ரன்ட் விசா குத்திக் குடுத்துட்டான். நீங்கல்லாம் என்னதான் பண்றீங்க?" என்றார்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்டதில்லை. நிஜமான ஆச்சரியம். அதே கல்லூரி, அதே டிகிரி, சொல்லப்போனால் அதே ஹாஸ்டல் மெஸ். அவருக்கு ஐந்து மாதம், எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்போடு வரலாற்றுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் மலர்க் குழுவினர் கேட்டபோது எழுதித் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பலர் விசா என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் விசா இரண்டு ஜாதி. ஒன்று, வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கானது. டூரிஸ்ட், மாணவர், நம் ஆட்கள் உயிரை விடும் எச்-1பி எல்லாம் இதில் சேர்த்தி. இன்னொன்று குடியேற்ற விசா. இந்த விசாவோடு விமானம் இறங்கி, அங்கே ஒரு முத்திரை விழுந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் நிரந்தரவாசி. கார்டு பிறகு தபாலில் வரும். ஏற்கெனவே அங்கே இருப்பவர் என்றால் ஊருக்குப் போகாமலேயே நிலையை மாற்றிக்கொள்ள மனுப் போடலாம். இரண்டு வழியும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், இரண்டுக்கும் வருஷத்துக்கு இத்தனை என்று அளந்து வைத்த எண்ணிக்கையும் ஒன்றுதான். சீனியர் முதல் வழியில் போனார். நான் இரண்டாவது வழியின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த அளவை எப்போது ஆரம்பித்தது? 1917-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. உலகப் படத்தில் ஆசியாவைச் சுற்றிக் கோடு கிழித்து, அதற்குள் பிறந்தவர்கள் கூலி வேலைக்கு வரக்கூடாது என்றது. இந்தியா முழுக்க அந்தக் கோட்டுக்குள். மாணவர், வணிகர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1924-ல் வந்த சட்டம் இன்னும் கடுமை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோட்டா. அதை 1890-ம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கை வைத்து நிர்ணயித்தார்கள். 1920 கணக்கு கையில் இருக்கும்போது 1890 எதற்கு? அதற்குப் பிறகுதான் இத்தாலியர்களும் யூதர்களும் பெருவாரியாக வந்தார்கள், அதனால்தான். கப்பல் ஏறும் முன்பே தூதரகத்தில் போய் விசா வாங்க வேண்டும் என்ற முறை நிலைபெற்றதும் இந்தச் சட்டத்தோடுதான். ஜெமினி பாலத்தடியில் விடியற்காலையில் ஃபைலும் கையுமாக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இந்த 1924-ஐ நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஆட்களுக்கு இந்தக் கோட்டாவும் இல்லை. காரணம் பகத் சிங் திண்ட் வழக்கு. திண்ட் 1913-ல் பஞ்சாபிலிருந்து போனவர். மர ஆலையில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து நற்சான்றோடு வெளியே வந்தார். குடியுரிமை கேட்டார். அன்றைய சட்டப்படி "வெள்ளையர்" என்றால்தான் குடியுரிமை. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் உண்டு. இந்தியர் எதில் சேர்த்தி? தான் ஆரிய வம்சம், ஆகவே காகேசியன், ஆகவே வெள்ளையர் என்று திண்ட் வாதாடினார். (இந்த வாதத்தைப் படிக்கும்போது ஒரு தமிழனாக எனக்குக் கொஞ்சம் நெளிந்தது. அவர் ஜெயித்திருந்தால் நமக்கு அதில் இடம் உண்டா என்று ஒரு கேள்வி.) 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், புத்தகம் என்ன சொன்னாலும் சாதாரண மனிதன் பார்வையில் இவர் வெள்ளையர் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு விடவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் 1921-ல் குடியுரிமை பெற்றவர். அதை இழந்தபின், இந்தியாவுக்கு ஒருமுறை போய்வரக்கூட அமெரிக்க பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். எந்த ஆட்சி வேண்டாம் என்று இந்தியாவை விட்டு வந்தாரோ அதனிடமே போகச் சொன்னார்கள். 1928-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அப்படியும் மெட்ராஸிலிருந்து ஆட்கள் போகாமல் இல்லை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். ஃபோலிக் அமிலம், ஆரம்பகாலப் புற்றுநோய் மருந்து, யானைக்கால் மருந்து என்று அவருடைய ஆய்வுக்கூடம் செய்தவை ஒரு பெரிய பட்டியல். 1948-ல் இறந்தார், கடைசிவரை அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. பிரசிடென்சி கல்லூரியின் சந்திரசேகர் 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வகத்துக்கு வந்தார். குடிமகன் ஆனது 1953-ல். நட்சத்திரங்களின் எடைக்கு வரம்பு கண்டுபிடித்த மனிதர் சேர்ந்த நாளில், அவர் குடிமகன் ஆகவே தகுதியற்ற இனம் என்பதுதான் சட்டம்.

அந்தச் சட்டம் மாறியது 1946 ஜூலையில். ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்–செல்லர் சட்டப்படி இந்தியர்கள் குடியுரிமை பெறலாம், வருஷத்துக்கு நூறு பேர் குடியேறலாம். எழுத்துப் பிழை இல்லை, 100 தான். இன்னொரு வேடிக்கை, இந்த நூறு பிறந்த ஊரைப் பார்த்து இல்லை, ரத்தத்தைப் பார்த்து. லண்டனில் பிறந்த இந்தியரும் இந்த நூறில்தான் சேர்த்தி. இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயருக்கு இதில் வேலையில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். இந்தச் சட்டத்தால் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவர் தலீப் சிங் சௌந்த். 1924-ல் பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, தகுந்த வேலை கிடைக்காமல் கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்தவர். 1949-ல் குடிமகன். 1956-ல் காங்கிரசுக்குத் தேர்வானார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அங்கே உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"கிரீன் கார்டு" என்ற பெயரும் இந்தக் காலத்துச் சரக்குதான். 1940-ல், போர் பயத்தில், வெளிநாட்டார் எல்லோரும் தபாலாபீசில் போய்க் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிந்ததற்கு ரசீதாக ஒரு அட்டை. போருக்குப் பின் நிரந்தரவாசிகளுக்குத் தனி அட்டை அச்சிட்டபோது அது பச்சை நிறத்தில் இருந்தது. 1964-ல் வெளிர் நீலமாக்கினார்கள், பிறகு வேறு நிறங்கள். 2010-ல்தான் திரும்பப் பச்சை. நடுவே நாற்பத்தாறு வருஷம் பச்சையாக இல்லாத அட்டையைத்தான் உலகமே பச்சை அட்டை என்று அழைத்தது.

இப்போது 1965. நம் சீனியரின் கதை தொடங்கும் இடம். ப்ரூக்ளின் தொகுதியைச் சேர்ந்த இமானுவேல் செல்லர், புதிதாகக் காங்கிரசுக்கு வந்த கையோடு 1924 கோட்டாச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர். நாற்பத்தோரு வருஷம் அதே சபையில் இருந்து, அதே கோட்டாவைத் தன் பெயர் தாங்கிய சட்டத்தால் ஒழித்தார். இப்படிப்பட்ட பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். 1965 அக்டோபர் 3-ம் தேதி சுதந்திர தேவி சிலையின் காலடியில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்று அங்கேயே சொன்னார். அவர் கணிப்பு பலிக்கவில்லை.

புதுச் சட்டத்தில் இனம் போயிற்று, ரத்தம் போயிற்று. பிறந்த நாடு மட்டும் நின்றது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா எல்லாவற்றுக்குமாக 1,70,000. எந்த ஒரு நாட்டுக்கும் 20,000-க்கு மேல் கிடையாது. சின்ன நாடோ பெரிய நாடோ எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு. நூறிலிருந்து இருபதாயிரம்! அதற்குள் ஏழு முன்னுரிமைப் பிரிவுகள். மூன்றாவது, பட்டம் பெற்ற தொழில்வல்லுநர்களுக்கு. டாக்டர்களும் இன்ஜினீயர்களும் அதில் போனார்கள். 1976-ல் திருத்தம் வரும்வரை அதற்கு மனுவை நாமே போட்டுக்கொள்ளலாம், அங்கே ஒரு முதலாளி கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் சீனியர் 1972-ல் போனது இந்தக் கதவு வழியாகத்தான். கையில் எட்டு டாலர், பெட்டியில் அப்பளம், பாஸ்போர்ட்டில் குடியேற்ற விசா. வேலையை இறங்கியபின் தேடினாராம். எட்டு டாலர் நம் அரசாங்கத்தின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. அதற்கு அமெரிக்காவைக் குறை சொல்ல முடியாது. பின்னால் தம்பியையும் தங்கையையும் உடன்பிறந்தார் பிரிவில் அழைத்துக்கொண்டார். அன்று இந்தியாவிலிருந்து கேட்டவர்கள் குறைவு, இடம் நிறைய. அவர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து மாதம் என்பது அவருடைய கெட்டிக்காரத்தனம் இல்லை, 1972.

என் வரிசையைக் கட்டியது 1990 நவம்பரில் மூத்த புஷ் கையெழுத்திட்ட சட்டம். வேலை அடிப்படையில் வருஷத்துக்கு 1,40,000 குடியேற்ற விசா, ஐந்து பிரிவுகள், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. அதே சட்டம்தான் எச்-1பி-யை இன்றைய வடிவத்தில் உருவாக்கி, வருஷத்துக்கு 65,000 என்றது. அதில் நாட்டு வரம்பு கிடையாது. ஹைட்ராலிக்ஸ் படித்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். தொட்டிக்குள் தண்ணீர் வரும் குழாயில் வால்வு இல்லை, வெளியேறும் குழாயில் வால்வு. கணினித் தொழில் பெருகியபோது உள்ளே வரும் குழாயை இன்னும் அகலமாக்கினார்கள்: 1999-ல் 1,15,000, 2001 முதல் 2003 வரை 1,95,000. வெளியேறும் குழாயைத் தொடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,40,000-ல் நம்மைப் போன்ற முதுகலைப் பட்டக்காரர்களுக்கான இரண்டாம் பிரிவுக்கு 28.6 சதவீதம், அதாவது 40,040. அதில் 7 சதவீதம் ஏறத்தாழ 2,800. இது இன்ஜினீயர்களின் எண்ணிக்கையும் அல்ல. மனைவி, பிள்ளைகள் எல்லாம் இதற்குள். ஒரு குடும்பத்துக்கு மூன்று பேர் என்றால் வருஷத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் குடும்பம். மற்ற நாடுகள் மிச்சம் வைப்பது சில வருஷங்களில் நம் பக்கம் வழியும், சில வருஷங்களில் வழியாது. எதிரே நிற்பது லட்சக்கணக்கில்.

வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்வது பிரயாரிட்டி தேதி. கம்பெனி உங்களுக்காக லேபர் மனு கொடுத்த நாள் அது. வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒரு தாள் வெளியிடும். அதிலுள்ள தேதிக்கு முன்னால் உங்கள் தேதி இருந்தால் உள்ளே போகலாம். நம் வீடுகளில் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அதைப் பார்ப்போம். 2025 ஜனவரியில் இந்தியாவின் இரண்டாம் பிரிவுக்குப் போட்டிருந்த தேதி 2012 அக்டோபர் 1. பஞ்சாங்கம் பின்னால் போகாது. இது போகும்.

2007-ல் நடந்த கூத்து ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. அப்போது நான் மூன்றாம் வருஷம். அந்த ஜூலை மாதப் புல்லட்டினில் திடீரென்று வேலைப் பிரிவுகள் அநேகமாக எல்லாமே திறந்துவிட்டன என்று அறிவித்தார்கள். அமெரிக்கா முழுக்க நம் ஆட்கள் மருத்துவப் பரிசோதனைக்கும் போட்டோவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் ஓடினார்கள். ஊரில் இருந்த மனைவியை அவசரமாக டிக்கெட் போட்டு வரவழைத்தார்கள். ஜூலை 2-ம் தேதி மனுக்கள் போய்ச் சேர்ந்த அன்றே, "இடம் தீர்ந்துவிட்டது" என்று திருத்திய அறிவிப்பு. என்ன செய்வது? கல்லெறிய முடியுமா? அதற்கு முந்தின வருஷம் வந்த "லகே ரஹோ முன்னாபாய்" படத்தில் வருகிற காந்திகிரியைப் பிடித்துக்கொண்டார்கள். குடியேற்றத் துறை இயக்குநருக்கு ஜூலை 10-ம் தேதி நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகள் போயின. அவர் அவற்றைக் காயம்பட்ட ராணுவ வீரர்கள் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17-ல் அரசு இறங்கிவந்தது. ஆகஸ்ட் 17 வரை மனுக்களை ஏற்றுக்கொண்டது. பூவினாலா, வழக்குப் போடப்போவதாகக் கிளம்பிய வக்கீல்களாலா என்று கேட்டால், இரண்டுக்கும் பங்கு உண்டு என்பேன். அந்த ஒரு மாதத்தில் உள்ளே போன நம் சீனியர்கள் பலருக்குக் கார்டு பிறகுதான் வந்தது என்றாலும், வேலை மாறும் சுதந்திரம் அப்போதே கிடைத்துவிட்டது.

அப்படி ஒரு கதவு 2020 அக்டோபரிலும் திறந்தது. மூன்றாம் பிரிவில் 2015 ஜனவரி 1-க்கு முந்தின தேதிக்காரர்கள் மனுப் போடலாம் என்றார்கள். என் தேதி மார்ச் 2015. பத்து வாரம் பின்னால். அப்போது நான் இருந்த கம்பெனி (பெயர் வேண்டாம்) என் லேபர் மனுவை "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்று இரண்டு முறை தள்ளிப்போட்டது. தள்ளாமல் இருந்திருந்தால் 2014-ன் கடைசியில் விழுந்திருக்கும். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஊரில் என் அப்பா தவறிவிட்டார். என் பாஸ்போர்ட்டில் எச்-1பி முத்திரை காலாவதி ஆகியிருந்தது. அங்கே இருக்கும்வரை அது ஒரு குறையில்லை. வெளியே போனால் புது முத்திரை இல்லாமல் திரும்ப முடியாது. முத்திரை குத்தும் இடங்கள் அப்போது மூடிக் கிடந்தன, எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. போயிருக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. வேலை, வாடகை வீடு, ஏழு மாதக் கர்ப்பிணி மனைவி எல்லாவற்றையும் யோசித்து நான்தான் போகவில்லை. சித்தப்பா மகன் காரியம் செய்தான். போனை யாரோ உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், எனக்குத் தெரியட்டும் என்று. கார்டு இருந்திருந்தால் முத்திரை என்ற பேச்சே கிடையாது. அது வெறும் சம்பளம், சௌகரியம் சம்பந்தப்பட்ட அட்டை என்று ஊரில் யாராவது பேசினால் நான் வாதாடுவதில்லை. எழுந்து போய்விடுவேன்.

நாட்டு வரம்பை எடுத்துவிடச் சொல்லிச் சட்டங்கள் வராமல் இல்லை. 2011-ல் கீழ்ச்சபையில் 389–15 என்று நிறைவேறி மேல்சபையில் படுத்துவிட்டது. 2019-ல் 365–65. 2020 டிசம்பரில் மேல்சபை தன் பங்குக்கு வேறு வடிவத்தில் நிறைவேற்றியது; இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரசின் காலம் முடிந்தது. எதிர்ப்பவர்கள் எல்லோரும் நம் விரோதிகள் என்று நான் சொல்லமாட்டேன். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால், பல வருஷங்களுக்கு இந்தியர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம். பிலிப்பைன்ஸ் நர்ஸும் ஈரான்காரரும் நம் பின்னால் நிற்க வேண்டிவரும். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

இப்போது, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம். ஹாஸ்டலில் மூன்று வருஷம் என் அறைத் தோழன், திருநெல்வேலிக்காரன். என்னைவிட ஒரு வருஷம் பிந்தித்தான் அவன் மனு விழுந்தது. இரண்டு வருஷத்தில் கார்டு வந்துவிட்டது, இப்போது குடிமகன். காரணம், அவன் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்தவன். சட்டத்தின் கண்ணில் அவன் ஓமன் கணக்கு. அந்த வரிசையில் ஆளே இல்லை. அவன் அங்கே இருந்தது முதல் நான்கு வயது வரை, அரபியில் நாலு வார்த்தை தெரியாது. 1950-களில் போயிருந்தால் ரத்தக் கணக்கில் அவனும் அந்த நூறு பேரில் நின்றிருப்பான். 1965 சட்டம் அவனை வெளியே எடுத்துவிட்டது. அவனைத் திருமணம் செய்துகொண்ட பெண் மதுரையில் பிறந்தவர். கணவன் பிறந்த நாட்டுக் கணக்கில் அவருக்கும் கிடைத்தது. "மாப்பிள்ளை எங்க பிறந்தார்னு ஜாதகத்துல பார்ப்பாங்க இல்ல, அது இதுக்குத்தான்டா" என்று அவனே சிரிப்பான்.

அடுத்த பிக்னிக்கில் சீனியரைப் பார்த்தபோது இதையெல்லாம் ஒரு பேப்பர் தட்டின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னேன். தொட்டி, குழாய், வால்வு. மெக்கானிக்கல்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்போ நான் வந்தப்போ தொட்டி காலி" என்றார். தட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். இப்போது மாதாமாதம் புல்லட்டின் வந்ததும் எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்.

இந்த விழாவுக்கு அவர் வருகிறார், என் அறைத் தோழனும் வருகிறான். எனக்கு முத்திரை நேர்காணலுக்குக் கிடைத்த தேதி விழா முடிந்து ஐந்து வாரம் கழித்து. அவ்வளவு நாள் விடுப்பு இல்லை. ஆகவே கட்டுரை மட்டும் வருகிறது. மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை போடும் அந்த வெங்காய சாம்பார் இன்னும் உண்டு என்றால், என் பங்கை அவன் சாப்பிடட்டும்.